கறுப்புத் திரைக்கு இங்கிலீஷ் மீடியம் தேவையில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. படிக்காமலே லைக் போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாக வந்து படியுங்கள்.

உங்களில் பலருடைய பிள்ளைகள் கல்லூரியில் கணினி படிக்கிறார்கள். அதில் தமிழ்வழியில் படித்துப் போன பிள்ளைகளைப் பற்றித்தான் இது. பல கல்லூரிகளில் லேபில் லினக்ஸ் கணினி முன்னால் உட்கார வைக்கிறார்கள். படம், பொத்தான் எதுவும் இல்லாத கறுப்புத் திரை. டெர்மினல் என்று பெயர். மூலையில் ஒரு சின்னக் கோடு மின்னிக்கொண்டு நிற்கும். நாம் தட்டச்சு செய்வதைச் செய்யும், செய்யாவிட்டால் சும்மா இருக்கும். பிள்ளை மிரள்கிறது. "உனக்கு இங்கிலீஷ் வராது, அதான்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள்.

அது உண்மையில்லை. கணினிப் படிப்பிலேயே தமிழ்வழிப் பிள்ளையும் இங்கிலீஷ் மீடியம் பிள்ளையும் ஒரே கோட்டில் நின்று ஓடத் தொடங்கும் இடம் ஒன்று உண்டென்றால் அது அந்தக் கறுப்புத் திரைதான் என்பது என் கருத்து.

அங்கே உள்ள சொற்களைப் பாருங்கள். 'எல்எஸ்', 'சிபி', 'எம்வி', 'ஆர்எம்', 'கிரெப்'. எந்த கான்வென்ட்டில் 'கிரெப்' என்ற சொல்லைச் சொல்லிக்கொடுத்தார்கள்? இவை ஆங்கிலச் சொற்களே அல்ல, ஆங்கிலத்தை வெட்டிப் போட்ட துண்டுகள். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கிய காலத்தில் திரை கிடையாது. டெலிடைப் என்ற தட்டச்சு எந்திரம்தான். வினாடிக்குப் பத்து எழுத்து அடித்தாலே பெரிது. அதனால் இரண்டெழுத்து, மூன்றெழுத்தாகச் சுருக்கினார்கள். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸுக்கும் அந்தப் பெயர்களே பரம்பரைச் சொத்தாக வந்தன. முதல் நாள் எல்லாருக்கும் அவை புதுச் சொற்கள்தான்.

இனி இலக்கணம். (முப்பது வருடம் தமிழ் நடத்தியவன் வேறு எங்கே போவேன்!) கட்டளை என்பது ஏவல் வினை. 'எல்எஸ்' என்றால் 'பட்டியலிடு'. அதோடு ஒரு சிறு கோடு போட்டு 'எல்' சேர்த்தால் 'விரிவாகப் பட்டியலிடு'. அந்தக் கோடும் எழுத்தும் வினைக்கு அடை. பின்னால் வருவது செயப்படுபொருள். 'சிபி'க்கு இரண்டு வேண்டும்: எதை நகலெடுப்பது, எங்கே வைப்பது. வினை முன்னால் வருகிறதே என்று மலைக்க வேண்டாம். அவசரத்தில் நம் வீடுகளில் "கொண்டா அந்தச் செம்பை" என்று சொல்வதில்லையா, அதுதான்.

இதைவிடச் சிறப்பு 'பைப்' என்ற செங்குத்துக் கோடு. ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளையின் கையில் கொடுப்பது. டக்ளஸ் மெக்கில்ராய் பல காலம் வற்புறுத்திய யோசனை. 1973இல் தாம்சன் ஒரே இரவில் அதை யூனிக்ஸில் சேர்த்தார். 'கேட்', 'சார்ட்', 'யூனிக்', 'டபிள்யூசி' ஆகிய நான்கையும் இடையிடையே செங்குத்துக் கோடு போட்டு எழுதினால், கோப்பை எடுத்து, வரிசைப்படுத்தி, இரட்டிப்பை நீக்கி, எண்ணு என்று பொருள். எடுத்து, வரிசைப்படுத்தி, நீக்கி மூன்றும் வினையெச்சம். எண்ணு என்பது முற்று. எச்சங்களை அடுக்கிக் கடைசியில் முற்று வைப்பது நம் பாட்டிகள் பேசும் முறை. தமிழ்ப் பிள்ளைக்கு இது கூடுதல் வசதியே தவிரக் குறையில்லை.

இதை நான் சும்மா எழுதவில்லை. என் பழைய மாணவர் ஒருவர் போன மாதம் போனில், "ஐயா, பாப்பா சிவிலுக்கு மாறிக்கிறேன்னு அழுவுறா. லேபுல எல்லார் முன்னாடியும் கேட்டாங்களாம்" என்றார். சிவில் நல்ல படிப்பு; விரும்பி எடுத்தால் எனக்கு மறுப்பில்லை. பயந்து ஓடுவது வேறு. நான்கு மாலை வரச் சொன்னேன். முதல் நாள் மேலே சொன்ன இலக்கணம் மட்டும். இரண்டாம் நாள் 'பிடபிள்யூடி' (இப்போது எங்கே நிற்கிறேன்), 'சிடி' (அங்கே போ). மூன்றாம் நாள் கோப்பு உண்டாக்கி, நகர்த்தி, அழித்தாள். நான்காம் நாள் பைப். அன்று அவள் "தாத்தா, நான் சொன்னா அது கேக்குது" என்றாள். இன்னும் தடுமாறுகிறாள். ஆனால் இடம் மாற்றும் விண்ணப்பத்தை அப்பாவிடம் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அழிப்பதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'ஆர்எம்' கொடுத்தால் கோப்பு போனது போனதுதான். குப்பைத்தொட்டியில் தேட முடியாது. அது மட்டுமா, சொற்களுக்கு இடையில் இடம் விட்டால் டெர்மினலுக்கு அது வேறு சொல். 'பழைய பட்டியல்' என்ற ஒரே கோப்பை அழிக்க மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால், 'பழைய' என்று ஒன்றும் 'பட்டியல்' என்று ஒன்றும் தேடும். 'பட்டியல்' என்ற பெயரில் உண்மையிலேயே ஒன்று இருந்தால், பாவம், அது போய்விடும். இடம் விட்டு எழுதினால் பொருள் மாறும் என்று உங்களிடம் எத்தனை வருடம் தொண்டை வறளக் கத்தினேன்! பழகும் வரை 'ஆர்எம்' உடன் 'ஐ' என்ற அடையைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகக் கேட்டு அழிக்கும்.

"இப்போதுதான் ஏஐயிடம் கேட்டால் கட்டளையை எழுதிக் கொடுக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?" என்று என் தம்பி மகன் கேட்டான். எழுதிக் கொடுக்கும். முன்னால் 'சூடோ' என்று போட்டும் கொடுக்கும். சூடோ என்றால் கணினியின் முழு அதிகாரத்தோடு செய் என்று பொருள். வாசிக்கத் தெரியாமல் அதை ஒட்டுவது வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது மாதிரி. வாசிக்கத் தெரிந்தவன் கேட்டு வாங்கட்டும்.

ஆங்கிலமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிழைச் செய்தியும் 'மேன்' என்னும் கையேடும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும், கையேடு கரடுமுரடான ஆங்கிலம். ஆனால் தொடக்கத்தில் திரும்பத் திரும்ப வருபவை நாலைந்து வாக்கியங்கள்: அப்படி ஒரு கோப்பு இல்லை, உனக்கு அனுமதி இல்லை, அப்படி ஒரு கட்டளை இல்லை. ஒரு வாரத்தில் அவை முகம் தெரிந்துவிடும். நம் எழுத்தில் சின்னது பெரியது என்று கிடையாது, லினக்ஸில் உண்டு. அதில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்.

தமிழாசிரியர்களுக்கு ஒரு வேடிக்கை. 'எக்கோ' கட்டளையில் 'அம்மா' என்று எழுதி, பைப் வழியாக 'டபிள்யூசி'க்கு அனுப்பி எழுத்தை எண்ணச் சொல்லுங்கள். 6 என்கிறது. வரி முடிவுக்கு ஒன்று கழித்தால் 5. நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு அகரம், மகரம், புள்ளி, மகரம், துணைக்கால். பைட் கணக்குக் கேட்டால் அதுவே மும்மூன்றாக 15. புள்ளியும் காலும் தனித்தனி என்று கணினி நினைப்பதை எந்த வகுப்பிலும் இவ்வளவு தெளிவாகக் காட்ட முடியாது. நான் அன்று அரைமணி நேரம் 'கௌ', 'க்ஷ' என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். வீட்டில் காபி ஆறிவிட்டது என்று திட்டு.

தமிழில் படிக்க வேண்டுமா? கணியம் தளத்தில் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதுகிறார்கள். து. நித்யாவின் 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' இலவசமாகக் கிடைக்கிறது. கணினி வாங்க வசதியில்லையா? ஆண்ட்ராய்டு கைப்பேசியில் 'டெர்மக்ஸ்' என்ற செயலி போட்டால் அதே கறுப்புத் திரை வரும். 2025 அக்டோபரோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டதால் மூலையில் கிடக்கும் மடிக்கணினியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருடம் உழைக்கும்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு நம் வீட்டுத் திண்ணையில் இருப்பேன். பிள்ளைகளை அனுப்புங்கள், கூடவே பெற்றோரும் உட்காரலாம். கட்டணம் கிடையாது. பெயர் மட்டும் கீழே கருத்தில் எழுதுங்கள். வரும்போது சார்ஜ் ஏற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள்; திண்ணையில் பிளக் பாயிண்ட் ஒன்றுதான் இருக்கிறது.