ஏலம் எடுத்துவிட்டு விசுவாசம் கேட்பதா?

புரோ கபடி ஏலம் முடிந்தால் போதும், ‘காசுக்காக அணி மாறிட்டான்’ என்ற வசவு கிளம்பிவிடும். புதுவாயல் கூட்டுரோட்டில் ஷிப்ட் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தொழிலாளி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நாலு காசு கூடக் கிடைத்தால் கம்பெனி மாறுவார். அவரை யாரும் துரோகி என்பதில்லை. கபடி வீரருக்கு மட்டும் ஏன் தனி நியாயம்?

பவன் ஷெராவத் கதையைப் பாருங்கள். பெங்களூரு புல்ஸ் ஆறாவது சீசன் கோப்பையை வென்றதில் பெரும்பங்கு அவருடையது. 2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அவரை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. குஜராத்துடனான முதல் ஆட்டத்திலேயே எதிரணி ரெய்டரை மடக்கப் போய் முழங்காலில் அடி. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். சீசன் அத்தோடு முடிந்தது. அடுத்த ஏலத்துக்கு முன் அணி அவரை விடுவித்தது. தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு வாங்கியது. 2025-இல் மீண்டும் தலைவாஸ், இம்முறை 59.5 லட்சம். சீசன் நடுவே ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி அணி அவரை வீட்டுக்கு அனுப்பியது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார்.

பர்தீப் நர்வால் பாட்னா பைரேட்ஸுக்குத் தொடர்ந்து மூன்று கோப்பைகள் வெல்ல உதவியவர். 2017-இல் ஒரே சீசனில் 369 புள்ளிகள் குவித்தார். அவரையும் பாட்னா விட்டுவிட, 2021-இல் உ.பி. யோத்தா 1.65 கோடிக்கு எடுத்தது. 2025 ஏலத்தில் அவரைக் கேட்க ஆளில்லை. ஓய்வை அறிவித்தார்.

ஏலத்தில் யார் வாங்குவது என்பது வீரர் கையில் இல்லை. வேறு அணி கேட்ட கடைசி விலையைக் கொடுத்து, பழைய அணி தன் வீரரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ‘குறைந்த சம்பளம் போதும், இங்கேயே இருக்கிறேன்’ என்று சொல்லும் உரிமை வீரருக்கு இல்லை.

கபடியைப் போலவே உடம்போடு உடம்பு மோதும் ரக்பி லீக் இந்தச் சிக்கலை முன்பே சந்தித்தது. அந்த ஆட்டம் பிறந்ததே கூலிப் பிரச்சினையில்தான். ஆட வந்ததால் சுரங்கத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் இழந்த கூலியைக் கொடுக்க வேண்டும் என்று வட இங்கிலாந்து கிளப்புகள் 1895-இல் தனியே பிரிந்தன. ஆஸ்திரேலியாவில் வீரர்களைக் கிளப்புகள் வரிசைப்படி பொறுக்கிக்கொள்ளும் முறை வந்தபோது வீரர்கள் வழக்குப் போட்டார்கள். தொழில் செய்யும் உரிமையை அது நியாயமின்றித் தடுக்கிறது என்று 1991-இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதன்பின் வந்த கேமரன் ஸ்மித், மெல்பர்ன் ஸ்டார்ம் என்ற ஒரே கிளப்புக்காக 430 ஆட்டங்கள் ஆடினார். அதே நாட்டில் சோனி பில் வில்லியம்ஸ், ஐந்தாண்டு ஒப்பந்தம் இருந்தும் 2008-இல் சீசன் நடுவே பிரான்ஸுக்குப் போனார். அவரைத் திட்டியவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. அது அவரே போட்ட கையெழுத்து.

ஏலத்தைத் தளர்த்தினால் பணக்கார அணி எல்லாரையும் அள்ளிக்கொள்ளும் என்பார்கள். அதைத் தடுக்கத்தான் செலவு உச்சவரம்பு இருக்கிறது. ஆகவே ஏலத்துக்கு முன் வீரரும் அணியும் நேரில் பேசிப் பல ஆண்டு ஒப்பந்தம் போட வழி வேண்டும். ஆட்டத்தில் அடிபட்டவருக்கு அடுத்த சீசன் சம்பளமும் அதில் உறுதியாக வேண்டும். அப்படிக் கையெழுத்திட்டவர் பாதியில் கிளம்பினால், ரசிகர்கள் தாராளமாகத் திட்டட்டும்.