சந்தாவும் பங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆண்டுச் சந்தா செலுத்தி மொத்தக் கிடங்குகளில் சரக்கு வாங்கும் மேனாட்டு முறை சிறு குடும்பங்களுக்கு லாபகரமானதா என்று விவாதிக்கும் அன்பர்கள், 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேலில் தோன்றி, 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியிலும் வேரூன்றிய கூட்டுறவுப் பண்டகசாலையைச் சற்றே ஸ்மரித்தல் நலம். அங்கே அங்கத்தினர் செலுத்துவது மீளாத கட்டணமன்று, தமக்கே உரிய பங்குத்தொகை.

இருவரே உண்ணும் வீட்டில் மூட்டை உளுந்து வாங்கி மிச்சப்படுத்திய காசை வண்டு தின்றுவிடும். சோப்பு கெடாது என்பது வாஸ்தவமே. அதற்காக ஒரு சந்தாவா? எங்கள் கோவில்பட்டிக் கரிசலிலோ, தை மாசியில் சம்சாரிகளின் களத்திலேயே உளுந்தும் பாசிப்பயறும் கிடைக்கையில், நாலு வீட்டார் கூடி ஒரு மூட்டையைப் பகிர்ந்துகொள்வதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

இங்ஙனம்,
ஒரு வாசகர், கோவில்பட்டி