உங்க பேர் என்னம்மா?

எங்கள் ஆபீஸ் கேளம்பாக்கத்தில். அக்கவுண்ட்ஸில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் பெயர் பாத்திமா. ரம்ஜானுக்கு மறுநாள் வாழ்த்துச் சொல்லி, "பிரியாணி எங்கேம்மா?" என்று உரிமையோடு கேட்டேன்.

"நீங்கதான் சார் வாங்கித் தரணும். நான் கிறிஸ்டியன்!"

அசடு வழிந்தது. துடைத்துக்கொண்டு விசாரித்தேன்.

பாத்திமா அரபுப் பெயர்தான். நபிகள் நாயகத்தின் மகள், ஹஸன், ஹுசைனின் தாயார் பெயர். அதன் வேர்ச்சொல்லுக்குப் பால்குடி மறக்கடிப்பது என்று பொருள். நம் பாட்டிமார்கள் வேப்பெண்ணெய் தடவிச் செய்த அதே காரியம்! 1989-ல் சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதியாகி, 1997-ல் நமக்கு கவர்னராகவும் வந்தாரே பாத்திமா பீவி, அவர் பெயரும் இதுவே.

சர்ச்சுக்குள் எப்படி வந்தது? 8-ம் நூற்றாண்டிலிருந்து சில நூற்றாண்டுகள் போர்ச்சுக்கல் பக்கம் முஸ்லிம்கள் ஆட்சி. ஆட்சி போனாலும், அங்கே ஒரு சிற்றூருக்கு பாத்திமா என்ற அரபுப் பெயர் தங்கிவிட்டது. 1917-ல் அந்த ஊரில் ஆடு மேய்த்த மூன்று குழந்தைகள் மாதாவைக் கண்டதாகச் சொல்ல, ஊர்ப் பெயர் மாதாவுக்கு வந்தது. மாதா பெயர் நம்மூர்ப் பெண் குழந்தைகளுக்கு வந்தது.

இங்கிருந்து கோவளத்துக்கு பஸ் ஏறினால் தர்காவும் உண்டு, கார்மேல் மாதா கோயிலும் உண்டு. எந்த வாசலில் நின்று "பாத்திமா" என்று கூப்பிட்டாலும் யாராவது திரும்பிப் பார்க்கலாம்.

போன மாதம் அந்தப் பெண் வாடகைக்கு வீடு பார்க்கப் போனாள். "தாராளமா வாம்மா" என்று போனில் சொன்ன ஹவுஸ் ஓனர், நேரில் பெயரைக் கேட்டதும், "அடடா, நேத்தே அட்வான்ஸ் வாங்கிட்டேனே" என்றாராம். டு-லெட் போர்டு அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்ததாம்.

"கிறிஸ்டியன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?" என்றேன்.

"சொன்னா எனக்கு வீடு கிடைச்சிருக்கும் சார். அடுத்து நிஜமாவே ஒரு முஸ்லிம் பாத்திமா வந்து நிப்பா. அவ என்ன சொல்லுவா?"

என்னிடம் பதில் இல்லை.

ரெண்டு வயசில் பால்குடி மறந்துவிடுகிறோம். பெயரைக் கேட்டதும் ஆளை முடிவுகட்டும் பழக்கம் மட்டும் அறுபதிலும் மறப்பதில்லை. அந்த ஓனருக்கு ஒரு பாட்டில் வேப்பெண்ணெய் அனுப்பலாமென்று இருக்கிறேன்.

பிரியாணி கேட்டவனுக்கும் அரை பாட்டில் தேவைப்படும்.