எரிந்தது ரெசிஸ்டர்... குற்றவாளி யார்?

போடிநாயக்கனூரில் கார் ஹீட்டரைப் பற்றிப் பேச்செடுத்தால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். பங்குனி வெயிலில் ஏசியே பத்தாத ஊரில் ஹீட்டருக்கு என்ன வேலை? சரிதான். ஆனால் அதே கார் முந்தல் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் கதை மாறிவிடுகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள். போடிமெட்டை நெருங்க நெருங்க மேகம் இறங்கி வந்து ரோட்டிலேயே உட்கார்ந்திருக்கும். வெளியே பனிமூட்டம் என்றால் ஃபாக் லைட் இருக்கிறது. கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்தால்?

அப்போது கை தானாக ப்ளோயர் சுவிட்சுக்குப் போகும். 1-ல் வைத்தால் சத்தமில்லை. 2, 3 அதுவும் இல்லை. 4-ல் வைத்தால் மட்டும் ஹோவென்று காற்று வரும். கார் வைத்திருக்கும் பலருக்கும் பழக்கமான கோளாறு இது. இதைவிடப் பழக்கமானது, சரி செய்த சில மாதத்தில் அதே கோளாறு திரும்பி வருவது!

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவிட வேண்டும். ஹீட்டருக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று என்று இரண்டு ஃபேன் பெரும்பாலான கார்களில் கிடையாது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரே ப்ளோயர்தான் இரண்டுக்கும் காற்றை ஊதுகிறது. ஏசிக்கு ஊதும்போது அது சொகுசு. மலையில் கண்ணாடிக்கு ஊதும்போது, பிரேக் மாதிரி அதுவும் ஒரு பாதுகாப்புக் கருவி. இதைப் புரிந்துகொள்ளாததால்தான் "ஃபேன்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போடுகிறார்கள்.

கண்ணாடி ஏன் மங்குகிறது என்பது பள்ளிக்கூட இயற்பியல். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 15 டிகிரியில் 13 கிராம் அளவுக்குத்தான் தாங்கும். ஐந்து பேர் மூச்சு விடும் காரில், குளிர்ந்த கண்ணாடியைத் தொட்ட காற்று தாங்க முடியாத ஈரத்தை அதன் மேலேயே விட்டுவிடுகிறது. சூடான காற்றோ, ஏசி வழியாக வந்த உலர்ந்த காற்றோ கண்ணாடி மீது அடித்தால் அந்த ஈரம் போய்விடும். ஹீட்டருக்கான சூடு எஞ்சினைச் சுற்றி வரும் கூலன்ட் தண்ணீரிலிருந்து சும்மாவே கிடைக்கிறது. அதைக் கண்ணாடிவரை கொண்டு சேர்க்க ஃபேன் வேண்டும், அவ்வளவுதான்.

ஃபேன் இல்லாவிட்டால்? துணியால் துடைப்பது, ஜன்னலை இறக்குவது, புகையிலையைத் தேய்ப்பது என்று கைவைத்தியம் நிறைய இருக்கிறது. விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகளில் அப்படித்தான் காலம் ஓடியிருக்கிறது. ஆனால் ஒரு கை ஸ்டியரிங்கிலும் ஒரு கை கண்ணாடியிலும் இருக்கும்போது, எதிரே கொண்டை ஊசி வளைவில் லாரி இறங்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி கோளாறு. மோட்டாரின் வேகத்தைக் குறைக்க, மின்சாரத்தின் வழியில் ரெசிஸ்டர் ஒன்றை வைத்திருக்கிறார்கள். 1, 2, 3 வேகங்களுக்கு மின்சாரம் அதன் வழியாகப் போகும். 4-ல் வைத்தால் நேராக மோட்டாருக்குப் போகும். அதனால் 4 மட்டும் வேலை செய்கிறது என்றால் பெரும்பாலும் ரெசிஸ்டர் போய்விட்டது, அல்லது அதிலுள்ள தெர்மல் ஃபியூஸ் அறுந்துவிட்டது என்று பொருள். ஒர்க்‌ஷாப்பில் உரையாடல் இப்படித்தான் நடக்கும்:

"அண்ணே, மறுபடியும் 4-ல மட்டும்தான் காத்து வருது."

"ரெசிஸ்டர் போச்சு தம்பி. புதுசு போட்டுரலாம், அரை மணி நேர வேலை."

"போன தடவையும் அதத்தான் மாத்துனீங்க?"

"அது அப்படித்தான் தம்பி, அடிக்கடி போகும்."

இந்த "அப்படித்தான்" என்ற வார்த்தையில்தான் சிக்கல். ரெசிஸ்டர் சும்மா எரிவதில்லை. ப்ளோயர் ஊதும் காற்றுதான் அதைக் குளிர்விக்கிறது, அதற்காகவே காற்றுப் பாதையில் பொருத்தியிருக்கிறார்கள். தூசியும் சருகும் ஃபில்டரை அடைத்துக்கொண்டால் காற்று குறையும், ரெசிஸ்டர் சூடாகும். மோட்டாரின் புஷ் தேய்ந்தோ, ஈரம் இறங்கித் துருப்பிடித்தோ சுற்றுவதற்குச் சிரமப்பட்டால், அது அதிக மின்சாரத்தை இழுக்கும். மின்சாரம் இரண்டு மடங்கானால் அதே ரெசிஸ்டரில் வெப்பம் நான்கு மடங்கு! புது ரெசிஸ்டர் போட்டாலும் பழைய மோட்டார் அதையும் தின்றுவிடும். கீழே தூசி, மேலே ஈரம் என்று இரண்டு உலகத்திலும் ஓடும் போடி வண்டிகளுக்கு இரண்டு தொல்லையும் சேர்ந்தே வரும்.

இது ஏதோ சின்ன ஊர் மெக்கானிக்கின் தவறு என்று நினைக்க வேண்டாம். பெரிய கம்பெனியே இதில் மாட்டிக்கொண்டது. இங்கிலாந்தில் வாக்ஸ்ஹால் நிறுவனத்தின் ஸஃபீரா பி கார்கள் வரிசையாகத் தீப்பிடித்தன. தீ தொடங்கிய இடம் ஹீட்டர் ப்ளோயர் பகுதி. தெர்மல் ஃபியூஸை யாரோ முறையில்லாமல் ரிப்பேர் செய்ததுதான் காரணம் என்று நிறுவனம் சொன்னது. 2015 டிசம்பரில் சுமார் 2,35,000 கார்களைத் திரும்ப அழைத்து ரெசிஸ்டர் பகுதியைச் சரி செய்தார்கள். அப்படிச் சரி செய்த கார்களிலும் தீப்பிடித்தது! துருப்பிடித்துச் சிரமப்பட்டுச் சுற்றும் மோட்டாரும் காரணம் என்று தெரிந்து, 2016-ல் இரண்டாம் முறை அழைத்து மோட்டாரையும் மாற்ற வேண்டி வந்தது. 2017-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு, பழியை வெளியார் ரிப்பேர் மேல் போடுவதில் காட்டிய அவசரத்தை விசாரணையில் காட்டவில்லை என்று அந்த நிறுவனத்தைக் கண்டித்தது.

லட்சக்கணக்கான கார்களுக்கும் போடியில் நிற்கும் ஒரு காருக்கும் பாடம் ஒன்றுதான். எரிந்த பாகம் சாட்சி, குற்றவாளி அல்ல. சாட்சியை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் வழக்கு முடியாது.

இதில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. ரெசிஸ்டர் விலை குறைவு, மோட்டார் விலை அதிகம். "சீக்கிரம் முடிச்சுக் குடுங்க, மூணாறு போகணும்" என்று அவசரப்படுத்துவது வண்டிக்காரர்தானே! முதல் முறை போனால் ரெசிஸ்டரை மட்டும் மாற்றலாம், தவறில்லை. சில மாதத்திலேயே இரண்டாம் முறை போனால் கேள்வி கேட்டே ஆக வேண்டும். ஃபில்டர் அடைத்திருக்கிறதா? ஃபேனைக் கையால் சுற்றினால் லேசாகச் சுற்றுகிறதா? கனெக்டர் பழுப்பேறி உருகியிருக்கிறதா? டேஷ்போர்டுக்குள் தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது? மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது? இதையெல்லாம் பார்க்க ஒரு நல்ல எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் போதும்.

"4-ல் ஓடுகிறதே, அது போதும்" என்று விடுவது ஆபத்து. மலையில் மாட்டிக்கொண்டால் அன்றைக்கு மட்டும் 4-ஐ வைத்துக் கீழே வந்து சேரலாம். ஆனால் கெட்டுப்போன மோட்டாருக்கு 4-ல்தான் முழு மின்சாரமும் போகிறது. இதைவிட மோசம், ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று 30 ஆம்பியர் இருந்த இடத்தில் 40 போடுவதும், சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும், தெர்மல் ஃபியூஸைக் கம்பியால் இணைத்துவிடுவதும். காவல்காரன் கத்துகிறான் என்று அவன் வாயைக் கட்டுவதற்குச் சமம் அது. அப்புறம் எரிவது ஃபியூஸாக இருக்காது, ஒயராக இருக்கும்.

மலை ஏறும் வண்டிக்கு டயர் பார்க்கிறார்கள், பிரேக் பார்க்கிறார்கள். கூடவே முந்தல் செக்போஸ்ட்டுக்கு முன்னால் ஒரு நிமிடம் நிறுத்தி 1, 2, 3, 4 என்று சுவிட்சைத் திருப்பிப் பார்த்தால் என்ன? பனிமூட்டத்துக்குள் போன பிறகு தெரிந்துகொள்வதைவிட, அடிவாரத்தில் தெரிந்துகொண்டு வண்டியைத் திருப்பிவிடுவது எவ்வளவோ மேல்.