பூமியின் குளிர்ச்சி யாருக்கு?

மத்திய சர்க்கார் 2025 செப்டம்பரில் புவிவெப்பச் சக்திக்கென ஒரு தேசியக் கொள்கையை வெளியிட்டது. மின்சார உற்பத்தி மட்டுமல்ல, பூமியின் துணைகொண்டு கட்டடங்களைக் குளிர்விக்கும் முறையும் அதில் இடம்பெற்றிருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் இந்தக் குளிர்ச்சி யார் வாசலுக்குப் போகப் போகிறது?

தர்மபுரி மாவட்டத்தைப் பாருங்கள். மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்த்துப் பிழைக்கும் சிறு விவசாயிகள் இங்கே ஏராளம். புழுவுக்கு 24 முதல் 28 டிகிரி வரைதான் வெப்பம் இருக்கலாம். சித்திரை வெயிலோ 38 டிகிரியை எட்டுகிறது. ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்து, குடும்பமே இரவு பகலாகப் போராடுகிறது. அப்படியும் புழு இலை தின்ன மறுத்து நோயில் விழுந்தால், அங்காடிக்குக் கொண்டுபோகக் கூடு இல்லை. கடன் மட்டுமே மிச்சம்.

அந்த விவசாயியின் காலடியிலேயே ஒரு மருந்து இருக்கிறது. முப்பது அடி ஆழத்தில் கோடையும் இல்லை, மார்கழியும் இல்லை. வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கிறது. ஆழத் துளையில் இறக்கிய மூடிய குழாயில் தண்ணீர் சுற்றிவரும்; அறையின் வெப்பத்தை ஓர் இயந்திரம் வாங்கி, அந்தத் தண்ணீர் வழியே பூமிக்குள் தள்ளும். நிலத்தடி நீரில் ஒரு சொட்டும் எடுப்பதில்லை. ஸ்வீடனில் லட்சக்கணக்கான வீடுகளில் குளிர்காலக் கணகணப்புக்கு இதே முறைதான். மக்கள் சீனம் இதில் உலகின் முன்னணியில் நிற்கிறது.

ஆனால் இது கடையில் வாங்கி மாட்டும் சாமான் அல்ல. மண் எது, பாறை எது, கட்டடம் வாங்கும் வெயில் எவ்வளவு என்று கணக்கிட்டே குழாயின் நீளத்தை நிர்ணயிக்க வேண்டும். கணக்குத் தவறினால் சுற்றியுள்ள பூமியே சூடேறிவிடும். போட்ட பணம் வீண். துளையைச் சரியாக அடைக்காவிட்டால் புளோரைடு கலந்த நீர் நல்ல நீரோடு சேரும். புளோரைடால் பல்லும் எலும்பும் பழுதுபட்ட மாவட்டம் இது. அந்தக் கொடுமையைத் தணிக்கவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. மீண்டும் அந்த விஷத்தோடு விளையாட முடியாது.

துளை போடும் செலவையே தாங்க முடியாதவர் சிறு விவசாயி. சந்தையிடம் விட்டுவிட்டால் கம்பெனி மாளிகைகளும் நட்சத்திர ஓட்டல்களும்தான் குளிரும். புழு மனை கொதிக்கும்.

ஆகவே நாம் கோருவது இதுதான்: பட்டு வளர்ச்சித் துறை தன் செலவில் தர்மபுரியில் மாதிரிப் புழு மனைகள் அமைக்கட்டும். ஓராண்டு முழுவதும் அளந்து, லாப நஷ்டத்தை விவசாயிகள் முன் வைக்கட்டும். கடன்பட்டுத் தோண்டி வறண்டுபோன ஆழ்குழாய்க் கிணறுகள் இதற்கு உதவுமா என்று அரசு பொறியியல் கல்லூரி சோதிக்கட்டும். பலன் கண்டால் முழு மானியம் தரட்டும்.

கேட்காமல் கிடைக்காது. பட்டு விவசாயிகள் சங்கமாகத் திரண்டு கேட்க வேண்டும். பூமியின் குளிர்ச்சி பணக்காரனின் தனிச்சொத்து அல்ல!