புலியின் மரணமும் பதில் சொல்லும் கடமையும்

மும்பை பைகுல்லாவில் 1862-இல் திறக்கப்பட்ட உயிரியல் பூங்கா, மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளது. அங்கு நீண்ட இடைவெளிக்குப் பின் 2020-இல் புலிகள் வந்தன. ஔரங்காபாதிலிருந்து கொண்டுவரப்பட்ட சக்தி, கரிஷ்மா இணையைக் காணக் கூட்டம் திரண்டது.

2025 நவம்பரில் சக்தி இறந்தது. சில நாள்கள் கழித்தே செய்தி வெளிவந்தது. 2022 மார்ச்சில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்துவிட்டதால், அப்போது கேள்வி எழுப்பத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. தேர்தல் 2026 ஜனவரியில்தான் நடந்தது.

பூங்காக்களுக்கு அங்கீகாரம் வழங்குவது தில்லியிலுள்ள மத்திய உயிரியல் பூங்கா ஆணையம். விலங்கு இறந்தால், காரணத்துடன் உடனே மக்களுக்கு அறிவிப்பதை அங்கீகாரத்தின் நிபந்தனையாக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் வலியுறுத்த வேண்டும். புலியின் வருகையைப் பறைசாற்றும் நிர்வாகம், அதன் மரணத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.