சின்னப் பலகையும் மூன்று வாசல்களும்



பேராக் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மூத்த மகன் இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் படிக்கிறானாம். பள்ளிக் கண்காட்சிக்கு ஏதோ செய்ய வேண்டும், அதற்கு ஒரு சின்னக் கம்பியூட்டர் வாங்கித் தாருங்கள் என்று இரண்டு மாதமாக நச்சரிக்கிறானாம்.

"டவுனுக்குப் போனபோது கடையில் காட்டினான் ஐயா. திரையும் இல்லை, தட்டுவதற்கு எழுத்துப் பலகையும் இல்லை. சீட்டு அளவில் ஒரு பச்சைத் தகடு. அவன் அப்பா வெயிலில் குலை வெட்டிச் சம்பாதிக்கிற வெள்ளி இது. விளையாட்டுச் சாமானுக்குப் போகிறதா, படிப்புக்குப் போகிறதா? நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. இந்தக் கவலை அந்த ஒரு வீட்டில் மட்டும் இருக்காது என்பதால், இந்த மாதம் அதையே எடுத்துக்கொள்வோம்.

அந்தப் பையன் காட்டியது ராஸ்பெரி பை என்ற ஒற்றைப் பலகைக் கணினியாக இருக்க வேண்டும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்துக்குக் கணினி படிக்க வரும் பிள்ளைகளின் தொகை குறைந்து வந்தது. வருகிறவர்களுக்கும் முன்போல நிரல் எழுதிப் பழக்கம் இல்லை. இதைக் கண்ட எபென் அப்டன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், பிள்ளைகள் தொட்டுப் பழக மலிவான கணினி ஒன்று வேண்டும் என்று முயன்றார்கள். 2012 பிப்ரவரி 29ஆம் நாள் முதல் பலகை விற்பனைக்கு வந்தது. விலை 35 அமெரிக்க டாலர். சில ஆயிரம் விற்றால் போதும் என்று நினைத்துத் தொடங்கியது, 2024ஆம் ஆண்டுக்குள் சுமார் 6 கோடி விற்றுவிட்டது.

ஆகவே, அம்மா, அது விளையாட்டுச் சாமான் அல்ல. ஆனால் கேட்டவுடன் வாங்கிக் கொடுத்துவிட வேண்டிய பொருளும் அல்ல. முதலில் மகனை உட்கார வைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் பலகைக்குள் எதை அனுப்பப் போகிறாய்? அதிலிருந்து எதை வெளியே வாங்கப் போகிறாய்? வந்ததை எங்கே சேர்த்து வைக்கப் போகிறாய்?

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பால் ஸ்டோருக்கு வருகிறது, நிறுக்கப்படுகிறது, லாரியில் போகிறது. எவ்வளவு வந்தது என்பது கிராணியின் கணக்குப் புத்தகத்தில் ஏறுகிறது. கணினிக்கும் இதே மூன்று வாசல்கள்தாம். இதில் ஒன்று அடைபட்டாலும் மற்ற இரண்டால் பயன் இல்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். லயத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் மணி அடிக்க வேண்டும், எந்த நாளில் எத்தனை மணிக்குக் குறைந்தது என்றும் எழுதி வைக்க வேண்டும். பள்ளிக் கண்காட்சிக்கு இது போதும்.

முதலில், உள்ளே வரும் வழி. பலகையின் ஓரத்தில் இரண்டு வரிசையாக ஊசிகள் நிற்கும். முதல் பலகையில் 26 இருந்தன. 2014ஆம் ஆண்டிலிருந்து 40. தொட்டியில் மிதக்கும் சுவிட்சின் கம்பியை இவற்றில் ஒன்றில் மாட்டினால், சுவிட்சு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பலகைக்குத் தெரிந்துவிடும். உண்டு, இல்லை என்ற இரண்டு சொல்தான் அந்த ஊசிக்குப் புரியும். தொட்டி அரைப் பாகமா, முக்கால் பாகமா என்று அளந்து சொல்லும் கருவி வேண்டுமானால், அந்த அளவை எண்ணாக மாற்ற இன்னொரு சில்லு தனியாக வாங்க வேண்டும். பல பிள்ளைகள் இதை அறியாமல் கருவியை வாங்கிவிட்டு, வேலை செய்யவில்லையே என்று முழிக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முதலாம் ஊசியில் 3.3 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. அதற்கு நேர் பக்கத்தில் இருக்கும் இரண்டாம் ஊசியில் 5 வோல்ட். செய்தி வாங்கும் ஊசிகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கமாட்டா. ஒரு கம்பி இடம் மாறி 5 வோல்ட் போய்ச் சேர்ந்தால் சில்லு கெட்டுவிடும். புகையும் வராது, சத்தமும் கேட்காது. பலகை மட்டும் எழுந்திருக்காது. கம்பி மாட்டும்போது மின்சாரத்தை நிறுத்திவிட்டு, படத்தைப் பார்த்து இரண்டு முறை எண்ணச் சொல்லுங்கள்.

அடுத்து, வெளியே போகும் வழி. அதே ஊசிகளில் ஒன்றை, செய்தி அனுப்பும் ஊசியாகவும் மாற்றலாம். சிறிய எல்.இ.டி. விளக்கை ஒரு ரெசிஸ்டர் சேர்த்து நேராக எரிய வைக்கலாம். ஆனால் அந்த ஊசிக்குப் பலம் மிகக் குறைவு. மோட்டாரையோ பம்பையோ அது சுழற்றாது. அவற்றை இயக்க நடுவில் ரிலே என்ற மின் சுவிட்சு வேண்டும். சுவரில் வரும் 230 வோல்ட் மின்சாரத்தை அந்த ரிலேயில் இணைக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் விடவே கூடாது. பேட்டரியில் எரியும் விளக்கோடு நிறுத்திக்கொள்ளட்டும். கண்காட்சிக்கு அதுவே போதும்.

திரை இல்லையே என்று கேட்டீர்கள். வீட்டுத் தொலைக்காட்சியில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் அதுவே திரை. ஆனால் 2019இல் வந்த நான்காம் மாதிரியிலிருந்து பலகையில் இருப்பது சிறிய எச்.டி.எம்.ஐ. துளை. அதற்கேற்ற கம்பியைக் கேட்டு வாங்க வேண்டும். எழுத்துப் பலகையையும் எலியையும் யூ.எஸ்.பி. துளைகளில் சொருகிக்கொள்ளலாம். பழையது, தெரிந்தவர் வீட்டில் சும்மா கிடப்பது, எதுவானாலும் சரி.

மூன்றாவது, சேர்த்து வைக்கும் இடம். இதைத்தான் பலரும் அலட்சியமாக விடுகிறார்கள். நானும் விட்டேன்.

பலகையில் இருக்கும் நினைவகம் சிலேட்டைப் போன்றது. மின்சாரம் நின்றால் அழிந்துவிடும். அழியாமல் இருக்க வேண்டியவை எல்லாம் கைவிரல் நகம் அளவுள்ள மைக்ரோ எஸ்.டி. அட்டையில்தான் எழுதப்படுகின்றன. பலகை எழுந்து வேலை செய்வதற்கான கட்டளைகளும் அதே அட்டையில்தான் இருக்கின்றன.

2018ஆம் ஆண்டு, என் தகப்பனார் காலத்துத் தோட்டப் படங்களைச் சொந்தக்காரர் வீடுகளில் தேடிச் சேகரித்தேன். பழைய லயம், மாரியம்மன் திருவிழா, பெரட்டுக்களத்தில் அம்மா தலையில் துண்டு கட்டி நிற்கும் படம் என்று இருநூறுக்கு மேல் தேறின. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, இப்படி ஒரு பலகையின் அட்டையில் வைத்துவிட்டு, அசல் படங்களைக் கொண்டுபோய் உரியவர்களிடம் கொடுத்துவிட்டேன். ஒரு மாலை இடியும் மழையுமாக மின்சாரம் போனது. திரும்பி வந்தபோது பலகை எழுந்திருக்கவில்லை. அட்டையை வேறு கணினியில் போட்டுப் பார்த்தேன். காலி அட்டை என்று சொல்லியது.

நடந்தது இதுதான். அட்டையில் எது எங்கே இருக்கிறது என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. கணினி எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் அந்த அட்டவணை பாதியில் நின்றுவிடலாம். கிராணி கணக்கு எழுதும்போது விளக்கு அணைந்து, மைப்புட்டியும் கவிழ்ந்த கதைதான்.

மீண்டும் வீடு வீடாகப் போனேன். பெரும்பாலான படங்கள் கிடைத்தன. ஆனால் ஒரு பெரியம்மா இதற்கிடையில் காலமாகிவிட்டார். வீட்டைக் காலி செய்தவர்கள் பழைய பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். அவரிடம் இருந்த பதினோரு படங்கள் போனவை போனவைதான். அம்மாவின் படமும் அவற்றில் ஒன்று. குற்றம் பலகையுடையது அல்ல. இரண்டாம் பிரதி எடுக்காத என்னுடையது.

ஆகவே மூன்று பழக்கங்களை மகனுக்குச் சொல்லிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் கம்பியைப் பிடுங்காமல், நிறுத்து என்ற கட்டளையைக் கொடுத்து, கணினி ஓய்ந்த பிறகே மின்சாரத்தை அணைக்க வேண்டும். 2023இல் வந்த ஐந்தாம் மாதிரியில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. முந்திய மாதிரிப் பலகைகளில் அது கிடையாது. அடுத்து, செய்த வேலையை யூ.எஸ்.பி. குச்சியில் இன்னொரு பிரதி எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும். கடைசியாக, வானம் இருட்டி இடி கேட்டால் அன்றைய வேலையை அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

இன்னொன்று. நான்காம் மாதிரி வரைக்கும் இந்தப் பலகைகளில் கடிகாரம் இல்லை. இணையம் இருந்தால் நேரத்தை அங்கே கேட்டுக்கொள்ளும். இல்லாத இடத்தில் தப்பான நேரத்தை எழுதும். ஐந்தாம் மாதிரியில் கடிகாரம் உண்டு, ஆனால் மின்சாரம் இல்லாதபோது அது ஓட ஒரு சிறிய பேட்டரி தனியாக வாங்க வேண்டும். தொட்டிக் கணக்கில் நேரம் முக்கியம் அல்லவா? இதையும் மகனிடம் கேட்டுப் பாருங்கள்.

காசு விஷயத்துக்கு வருவோம். கடைக்காரர் சொல்வது பலகையின் விலை மட்டும். மின்சாரம் தரும் அடாப்டர், அட்டை, கம்பி, சுவிட்சு எல்லாம் அதற்கு மேல். நான்காம் மாதிரிக்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். பழைய கைப்பேசி சார்ஜரைப் போட்டால் பாதியில் தடுமாறும். முழுப் பட்டியலையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் விலையையும் கூட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். தொட்டி வேலைக்குப் புதிய மாதிரிதான் வேண்டும் என்பதில்லை. பழைய மாதிரி தாராளமாகப் போதும். பள்ளியில் ஏற்கனவே ஒன்று இருக்கிறதா என்று ஆசிரியரிடமும் கேட்கலாம்.

அந்தத் தாளோடு உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்து, மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிறானா? அப்படியானால் அப்பாவின் வெள்ளி வீணாகாது, அம்மா, வாங்கிக் கொடுங்கள். "தெரியாது, எல்லாரும் வாங்குகிறார்கள்" என்று சொன்னால் இன்னும் ஒரு மாதம் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அந்த மாதமும் வீண் போகாது.

தொட்டி மணி அடித்ததா என்று எழுத மறக்காதீர்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.